கிக் இல்லாத மிக்ஸ்

கீரனூர்,
திங்கட்கிழமை இரவு.

அன்புள்ள ஜோவி அப்பாவுக்கு,

பிளெஸ்ஸி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதினேன். எழுதியதும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது தாள். அத்தைக்கு முட்டிவலி பரவாயில்லை. ஜோவிக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவை காவிரித் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. மொட்டை மாடி ஒழுகிய இடத்தில் சிமெண்ட் பூசியாகிவிட்டது. இதெல்லாம் நிச்சயமாகத் தெரிந்தவை, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

தினம் வீடியோவில் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் பக்கம் ரூமில் ஏழு பேர் இருக்கிறார்கள், என் பக்கம் அத்தை இருக்கிறார்கள். இரண்டு மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். வேறு எதையோ பேசிவிட்டேன். உங்கள் ரூம் குணசேகரன் லீவு முடிந்து நாளைக்கு ஷார்ஜா கிளம்புகிறார். நார்த்தாமலையிலிருந்து கார் எடுத்து, காலை ஐந்து மணிக்கு நம் வாசலுக்கு வந்து உங்கள் பார்சலை வாங்கிக்கொள்கிறேன் என்றார். முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், நீங்கள் கேட்ட இரண்டு கைலி. ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் இந்தக் கவரையும் ஒரு பென்டிரைவையும் வைக்கிறேன். ரூமில் ஆட்கள் இருந்தால் இதற்கு மேல் படிக்காமல் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் பாடிய பாட்டுக்கு ஆறு நாளாக, மிக்ஸ் எங்கே, மிக்ஸ் எங்கே என்று கேட்கிறீர்கள். லேப்டாப் நின்று நின்று போகிறது என்று சொன்னேன். லேப்டாப்புக்கு ஒன்றும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தீர்களே, முதல் சரணத்தில் அந்த டம் டம் வேண்டாம், என் குரல் மட்டும் தனியாகத் தெரியட்டும், ஆனால் பின்னால் அந்த சிந்த் மூச்சு விடுவது மட்டும் நிற்கக் கூடாது என்று. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. நீங்கள் மூச்சு என்று சொல்வதற்குப் பெயர் சைடுசெயின் கம்ப்ரஷன். கல்யாணமான நாளிலிருந்து விளக்குகிறேன், கம்ப்ரஸர் என்றால் ஏசிக்குள் இருப்பதுதானே, அதை என்னிடம் கேள் என்று சிரித்தே தப்பித்துவிடுவீர்கள். இன்றைக்கு மட்டும் பொறுமையாகப் படியுங்கள். இது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

சிந்த் என்பது கீபோர்டில் வாசித்து, பாட்டு முழுக்கப் பரந்து கிடக்கிற சத்தம். கிக் என்பது அதற்கு அடியில் டம் என்று விழுகிற டிரம் சத்தம். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் ஒன்றை ஒன்று அமுக்கிக் குழம்பிப் போகும். அதனால் சிந்தின் மேல் ஒரு கம்ப்ரஸரைப் போட்டு, அதைக் கிக்கைக் கவனிக்க வைப்போம். கிக் விழும்போதெல்லாம் சிந்தை அது கீழே அமுக்கும், கிக் போனதும் மேலே விடும். அமுங்கி எழுந்து, அமுங்கி எழுந்து, சிந்த் மூச்சு விடுவது போலவே இருக்கும். அத்தை ஒருநாள் கேட்டபோது, பூசையில் சாமியார் பேச ஆரம்பித்தால் கொயர்காரர்கள் ஆர்கன் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள் அல்லவா, அது மாதிரி என்றேன். ‘அப்புடின்னா பெலிக்ஸு வாயத் தொறந்தா நீ அடங்குவியே, அந்த மாதிரியா?’ என்றார்கள். நான் எப்போது அடங்கினேன் என்று கேட்டேன். ‘அதானே’ என்றார்கள்.

நீங்கள் கேட்டது கிக் காதில் விழக் கூடாது, ஆனால் அதற்குச் சிந்த் அமுங்கி எழ வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. கிக் ஸ்பீக்கருக்குப் போகிற வழியை மட்டும் அடைத்துவிட்டு, கம்ப்ரஸருக்குப் போகிற வழியைத் திறந்து வைக்க வேண்டும். நமக்குக் கேட்காது, கம்ப்ரஸருக்குக் கேட்கும். செவ்வாய் சாயங்காலம் அப்படித்தான் செய்தேன்.

என் ஸ்பீக்கர் இரண்டும் அந்தப் பழைய மரபெஞ்சின் மேல் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஜோவியின் கட்டிலைப் பெஞ்சை ஒட்டிப் போட்டிருக்கிறேன், வேலை செய்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்று. பாட்டு ஓட ஆரம்பித்ததும் கிக்குக்குச் சரியாகக் காலை உதைப்பாளே, வீடியோ எடுத்து அனுப்பினேனே, அந்தக் கட்டில்தான். அன்றைக்கும் உதைத்துக்கொண்டு கிடந்தாள். நான் கிக்கை அடைத்தேன். சிந்த் அழகாக அமுங்கி எழுந்தது, உங்கள் குரல் தனியாக வந்தது. நீங்கள் கேட்டது சரிதான், நன்றாகவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஜோவி கால் இரண்டும் அப்படியே நின்றிருந்தது. விரலைச் சப்பிக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். கிக்கைத் திறந்தேன், உதைத்தாள். அடைத்தேன், நின்றுவிட்டாள். திரும்பத் திறந்தேன், கீழ்ப்பல் இரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டே உதைத்தாள். எட்டுத் தடவை செய்தேன். ஒன்பதாவது தடவை கிக்கை அடைத்துவிட்டு, சிந்தையும் உங்கள் குரலையும் எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன். எனக்கே காது வலித்தது. அவள் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கிக்கைத் திறந்துவிட்டு, அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி நடு அறையில் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பாட்டு ஓடியது. கால் அசையவில்லை. கட்டிலில் கிடத்தினேன், அசைந்தது. கட்டில் மரத்தை என் கையால் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கிக்குக்கும் உள்ளங்கையில் டம் டம் என்று அடித்தது.

நேராக அடுப்படிக்குப் போய் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து, அவள் தலைக்குப் பின்னால் நின்று அடித்தேன். அவள் திரும்பவில்லை. அத்தைதான் கொல்லையிலிருந்து, ‘என்னாத்துக்கு ஏனத்தப் போட்டு ஒடைக்கிற?’ என்று சத்தம் போட்டார்கள். கை தவறிவிட்டது என்றேன்.

அதன் பிறகு ஒரு வேளை, ஒரு வேளை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். புதன்கிழமை மதியம் குவாரியில் வெடி வைத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவள் இரண்டு கையையும் தூக்கி நடுங்கி விழித்தாள். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. கேட்கிறது, கேட்கிறது என்று அவளை அள்ளிக்கொண்டேன். அப்போது அலமாரியில் டம்ளர்கள் இன்னும் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தன. என் காலுக்குக் கீழே தரையும் அதிர்ந்து அடங்கியது. அவளைத் திரும்பக் கிடத்திவிட்டேன்.

இனி நான் எழுதப் போவதற்கு நீங்கள் என்னைத் திட்டினால் திட்டுங்கள்.

ஜோவி பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வந்து காதில் சின்னதாக ஒன்றை வைத்துப் பார்த்தாள். இரண்டு காதிலும் சரியாக வரவில்லை, உள்ளே தண்ணீர் இருந்தாலும் இப்படிக் காட்டும், ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் கூட்டிவந்து திரும்பப் பாருங்கள் என்று ஒரு சீட்டுக் கொடுத்தாள். நீங்கள் அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். வந்து கேட்டதற்கு எல்லா டெஸ்டும் நார்மல் என்று சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. தண்ணீர்தான், சரியாகிவிடும் என்று நானே நம்பினேன். ஒரு மாதத்தில் ஞானஸ்நானம் வந்தது, அடுத்த மாதம் நீங்கள் கிளம்பினீர்கள், அதற்கப்புறம் ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்கு நான்கு பாட்டு என்று வேலை வந்தது. பாட்டுக் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்குக் காதில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு திமிரும் இருந்தது. அந்தச் சீட்டு நீல ஃபைலில், தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் அப்படியே இருந்தது. புதன்கிழமை ராத்திரி எடுத்துப் பார்த்தேன். மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பேச்சு நன்றாக வரும் என்று, போனில் தேடியபோது ஓரிடத்தில் போட்டிருந்தது. ஜோவிக்கு இன்றோடு ஏழு மாதமும் பதினோரு நாளும். அதற்கு மேல் படிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என்னங்க, இன்னொரு பயமும் இருக்கிறது. ஒன்பதாவது மாதத்தில்கூட நான் ஸ்பீக்கர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ‘வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இந்த டமடம எதுக்குத்தா, கொஞ்சம் கொறச்சு வையி’ என்று அத்தை சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிக் விழும்போது வயிற்றுக்குள் உதைக்கிறாள் என்று உங்கள் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன், நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சத்தம்தான் அவள் காதைக் கெடுத்துவிட்டதா? ஒருவரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை. நாளைக்கு டாக்டரிடம் கேட்க ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் முதல் கேள்வி இதுதான். பதில் ஆமாம் என்று வந்தால் நான் எப்படி வீட்டுக்குத் திரும்பி வருவேன், அந்த அறைக்குள் எப்படிப் போவேன் என்று தெரியவில்லை.

நாளைக் காலை திருச்சியில் ஒரு காது மருத்துவரிடம் டெஸ்ட் இருக்கிறது. தலையில் ஒயர் ஒட்டி, தூங்கும்போது காதுக்குள் சத்தம் கொடுத்து, அது மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்களாம். பிள்ளை தானாக அசந்து தூங்கினால்தான் முடியும். போனில் பேசிய அம்மா பொறுமையாகச் சொன்னார்கள்: ‘ராத்திரி லேட்டாத் தூங்க வைங்க, விடியக்காலைலயே எழுப்பிருங்க. வர்ற வழியில கார்ல தூங்க விட்றாதீங்க. இங்க வந்து பால் குடுத்துத் தூங்க வைச்சாப் போதும்.’ ஏர்போர்ட் வரை குணசேகரன் காரிலேயே போய், அங்கிருந்து பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அதனால்தான் மணி பதினொன்றரை ஆகியும் வீட்டில் லைட் எரிகிறது. சாதாரண நாளில் எட்டு மணிக்கே கண் சொக்குகிறவளைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறேன். அழுகிறாள். தூக்கத்துக்கு அழுகிற பிள்ளையைத் தூங்க விடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாவம் மாதிரி இருக்கிறது தெரியுமா?

அத்தையிடம் தடுப்பூசிக்குத் திருச்சி போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். நேற்றுச் சாயங்காலம் ஒன்று பார்த்தேன். ஜோவி தரையில் குப்புறப் படுத்துப் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தாள். அத்தை பின்னாலிருந்து வந்தார்கள். எப்போதும் வாசலிலேயே, அடி என் ராசாத்தி என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள், நேற்று வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து, வலிக்கிற முட்டியோடு, காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். ஜோவி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம்தான் தூக்கினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எத்தனை நாளாக இப்படித் தட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தால், கோயிலுக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்றேன். ‘நானும் திருச்சிக்கு வாரேன். கார்ல புள்ள தூங்கிறாமப் பாத்துக்க ஒராளு வேணும்ல. டாக்டரு சொல்றத நீ கேட்டுக்க, நான் புள்ளைய வச்சுக்கிறேன்’ என்றார்கள். தூங்கக் கூடாது என்று நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. போனில் பேசியதைக் கேட்டிருப்பார்கள். ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது ஜோவியை மடியில் வைத்துக்கொண்டு, டார்ச் லைட்டைச் சுவரில் அடித்து அடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கத் தாவுகிறாள். அதனால்தான் எனக்குப் பேனா பிடிக்க முடிகிறது.

சனிக்கிழமை சாமான் பட்டியல் கேட்க வந்த குணசேகரன் சொன்னார்: ‘அண்ணி, ஒங்க பொண்ணு டான்ஸ் வீடியோவ எங்க கேம்ப்புல பாக்காத ஆளே இல்ல. ரூமுக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் காட்டுறாரு அண்ணே. ரத்தத்துலயே தாளம் இருக்குங்கிறாரு. அந்த வீடியோவுக்குப் பயந்துக்கிட்டே பாதிப் பேரு எங்க ரூம் பக்கம் வர்றதில்ல.’ அவர் சிரிக்கத்தான் சொன்னார். நான் டீ போடுகிறேன் என்று உள்ளே போய், பால் பொங்கி வழிகிற வரை நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் தினமும் கூப்பிடும்போது, ஜோவி, ஜோவிக்குட்டி, அப்பா பாரு என்று சொன்னதும் திரும்புகிறாளே. முன்னாலெல்லாம் ஸ்கிரீன் வெளிச்சத்துக்குத் திரும்பியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். செவ்வாய்க்கு அப்புறம் நான் செய்வது வேறு. அவளை மடியில் போனைப் பார்க்காமல் பக்கவாட்டாக உட்கார வைத்துக்கொண்டு, நீங்கள் பேர் சொல்லும் நேரம் பார்த்து, போனில் தெரியாதபடி முதுகில் ஒரு விரலால் தொடுவேன். அவள் திரும்புவாள். நீங்கள் பார்த்தியா, என் குரலை எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வீர்கள். ஆறு ராத்திரி இதைச் செய்துவிட்டேன். நேற்று நீங்கள் மூன்று தடவை கூப்பிட்டீர்கள், மூன்று தடவையும் தொட்டேன். உங்களை ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. உங்கள் முகம் மாறுவதை அந்தச் சின்ன ஸ்கிரீனில் பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

பென்டிரைவில் இரண்டு மிக்ஸ் இருக்கிறது. ஒன்று நீங்கள் கேட்டது, முதல் சரணத்தில் கிக் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போன நேரத்தில் முடித்தேன். குரல் நன்றாக வந்திருக்கிறது, ‘கண்ணே’ என்கிற இடத்தில் கொஞ்சம் சுருதி இறங்குகிறது, சரி செய்யவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. இன்னொன்று பழைய மிக்ஸ், கிக்கோடு. அதை ஹெட்போனில் கேட்காதீர்கள். ரூமில் அந்தப் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது அல்லவா, அதைக் கட்டில் மேல் வைத்து, இரண்டு காதிலும் பஞ்சை நன்றாக அடைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் குரல் வராது. சிந்த் வராது. முதுகுக்கு அடியில் டம் டம் என்று மட்டும் வரும். இத்தனை நாள் நம் ஜோவி சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். நாளைக்கு டாக்டர், இல்லை, நீ நினைத்தது தப்பு, பிள்ளைக்குக் கொஞ்சமாவது கேட்கிறது என்று சொன்னால், நான் எழுதிய இத்தனையும் கிழித்துப் போட்டுவிட்டு என்னைப் பைத்தியக்காரி என்று சொல்லிச் சிரியுங்கள். அந்தப் பேச்சை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

குணசேகரன் சாயங்காலத்துக்குள் ரூமுக்கு வந்துவிடுவார். நீங்கள் இதைப் படிக்கும்போது எனக்கு முடிவு தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கடிதம் கையில் சேருவதற்கு முன்னால் நானாகக் கூப்பிட்டுச் சொல்லத் துணிச்சல் வராது. அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். படித்ததும் பதறி டிக்கெட் போடக் கிளம்பாதீர்கள். முதலில் சாப்பிடுங்கள். நீங்கள் சாப்பிடாமல் படுத்தால் மறுநாள் ஏணி மேல் நின்று வேலை பார்க்கும்போது தலை சுற்றும், அந்தப் பயத்தையும் என் தலையில் ஏற்றாதீர்கள்.

மாதாவின் அடைக்கலத்தில் உங்களை வைத்துத்தான் தினமும் படுக்கிறேன். இன்றைக்குப் படுக்கப் போவதில்லை, ஆனாலும் வைத்துவிட்டேன்.

நாளை ராத்திரி வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கூப்பிடுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எடுத்ததும் கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஜோவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். எத்தனை தடவை தோன்றுகிறதோ அத்தனை தடவை கூப்பிடுங்கள். என் இரண்டு கையும் உங்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருப்பேன். முதுகில் தொட மாட்டேன்.

என்றும் உங்கள்
பிளெஸ்ஸி